ஹாக்ஸ்பரி ஆற்றில் சாம்பிராணிப் புகை

மகளுக்குப் பேறுகாலம் பார்க்க அப்பன் போவது எங்கள் ஊரில் வழக்கமில்லை. என் வீட்டுக்காரி இறந்துபோய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவள் தங்கச்சியைக் கேட்டால், "என்னைய ஏரோப்ளேன்ல ஏத்திக் கடலுக்கு மேல தொங்கவிடப் பாக்கியளா? நா வரமாட்டேன்" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதனால் நானே கிளம்பினேன்.

துறைமுகத்து டீக்கடையில் எல்லாருக்கும் ஒரே சிரிப்பு. "அண்ணாச்சி மருத்துவச்சி வேலைக்குப் போறாராம்லா!" என்றார்கள். சிரித்தால் என்ன? தூத்துக்குடித் தோணிகளில் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் வாழ்நாளெல்லாம் போய்வந்த சமையல்காரன் நான். தோணியின் பின்பக்கம் மேல்தட்டில் ஒரு மரப்பெட்டி, பெட்டி நிறைய மணல், மணல்மேல் மூன்று கல். அதுதான் என் அடுப்பு. அலை எப்படி ஆட்டினாலும் என் உலை கவிழ்ந்ததில்லை. கரையில் இருந்தபோதெல்லாம் என் வீட்டுக்காரிக்குப் பேறுகால மருந்து இடித்ததும், பால்சுறாப் புட்டு அவித்ததும் நான்தான். நெருப்பைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற நினைப்போடுதான் ஏரோப்ளேனில் ஏறினேன். எழுபத்தைந்தாம் வருஷமோ, எழுபத்தாறோ. ஜூலை மாதம் என்பது மட்டும் நிச்சயம். நம் ஊரில் காற்றுக்காலம், அங்கே கடுங்குளிர்.

சிட்னியில் இறங்கியதும் சுங்கத்துக்காரர் என் மூட்டையைப் பிரித்தார். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், கருப்பட்டி என்று ஒவ்வொன்றாக மோந்து பார்த்தார். கருவாட்டுப் பொட்டலத்தைத் திறந்ததும் பாம்பைக் கண்டவர்போல் பின்னால் போனார். நெத்திலிக் கருவாடு அப்படியே குப்பைத் தொட்டிக்குப் போனது. எனக்கு வயிறு எரிந்தது. சாம்பிராணிக் கட்டியைக் கையில் எடுத்து, இது என்ன என்று சைகையில் கேட்டார். நான் நெற்றியில் சிலுவை போட்டுக் காட்டினேன். அவரும் ஒரு சிலுவை போட்டுவிட்டு அதைத் திருப்பிக் கொடுத்தார்.

மாப்பிள்ளை லூர்து கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் ஃபிட்டர். அவரும் என் மகள் ஜெசிந்தாவும் வீடு எடுக்காமல் ஒரு பழைய மரப்படகில் குடியிருந்தார்கள். சிட்னியிலிருந்து வடக்கே ரயிலில் போனால் ஹாக்ஸ்பரி என்று ஒரு பெரிய ஆறு. இரண்டு பக்கமும் மலை, நடுவில் கறுத்த தண்ணீர், ஓரத்தில் சிப்பி வளர்க்கிறவர்களின் கொட்டகைகள். அங்கே கரையிலிருந்து தண்ணீருக்குள் நீட்டிய ஒரு மரப்பாலத்தில் படகுகளை வரிசையாகக் கட்டிப்போட்டு, அதிலேயே சமைத்து, அதிலேயே தூங்கி வாழ்கிறார்கள். தோணியில் இருந்தால் எப்போது கரை வரும் என்று நாங்கள் ஏங்கிக் கிடப்போம். இவர்கள் கரையைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு தண்ணீரில் கிடக்கிறார்கள்.

படகைக் கண்டதும் என் கை சும்மா இருக்கவில்லை, பலகை இடுக்குகளைத் தடவிப் பார்த்தேன். பஞ்சு திணித்துக் கீல் பூசி அடைக்கிற கலப்பத்து வேலையை மாப்பிள்ளை அவ்வளவு நேர்த்தியாகச் செய்திருந்தார்.

"ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வராது போலிருக்கே மாப்ளே!"

"வராது மாமா. ரெண்டு மாசம் குனிஞ்சே கெடந்து அடிச்சேன்."

ஜெசிந்தா பிள்ளையை என் கையில் கொடுத்தாள். பிறந்து ஒரு வாரம். உள்ளங்கை அகலம்தான் முகம். மூக்கு என் வீட்டுக்காரி மூக்கு. 

மறுநாள் மாப்பிள்ளை மெல்போர்னுக்குக் கிளம்பினார். அங்கே ஒரு கப்பல் எஞ்சின் பழுதாகிக் கிடந்ததாம், இரண்டு வாரம் வேலை. போகுமுன் கேபினுக்குள் என்னைக் கூப்பிட்டு, சுவரில் இருந்த மூன்று வட்ட ஓட்டைகளைக் காட்டினார். பித்தளை விளிம்பு வைத்து அழகாகத்தான் இருந்தன.

"மாமா, இத மட்டும் அடைச்சிராதீய. கேஸ் அடுப்பு எரியும்போது உள்ள காத்து வந்துட்டே இருக்கணும்."

"அது தெரியாதா எனக்கு? நீங்க போயிட்டு வாங்க மாப்ளே."

அன்றைக்கு ராத்திரியே அந்த ஓட்டைகள் எனக்கு எதிரியாகிவிட்டன. ஆற்றுக் குளிர் அதன் வழியாக ஊசி மாதிரி உள்ளே இறங்கியது. பிள்ளை பெற்ற பச்சை உடம்பில் காற்றுப் பட்டால் ஜன்னி கண்டுவிடும் என்பது நம் ஊரில் யாருக்குத் தெரியாது? பேறுகாலக்காரி படுத்திருக்கும் அறையில் ஜன்னலைச் சாத்துவோம், கதவிடுக்கில் துணி வைப்போம், கட்டிலுக்குக் கீழே கரிச்சட்டி வைப்போம். காலையில் நான் இடுப்பில் கட்டுகிற சிவப்புக் கட்டம் போட்ட சாரத்தைக் கிழித்து மூன்று துண்டாக்கினேன்.

"அப்பா, அவுக அடைக்கப்படாதுன்னாகளே," என்றாள் ஜெசிந்தா.

"கேஸ் அடுப்பு எரியும்போதுதான சொன்னாரு? அடுப்பு இப்ப அணைஞ்சுதான கெடக்கு?"

அவளுக்கும் அது சரியென்று பட்டது. துணிகளைத் திணித்தேன். கேபின் கதகதப்பாகிவிட்டது.

கரிக்கு அங்கே பஞ்சமில்லை. அந்த ஊர் ஆண்கள் பூங்காவில் கூடி நின்று இறைச்சி சுடுகிறார்கள், பெண்கள் தூரத்தில் உட்கார்ந்து கதை பேசுகிறார்கள். ஆம்பளை சமைத்தால் சிரிக்காத தேசம் என்று எனக்கு அதில் ஒரு சந்தோஷம். கடையில் ஒரு சாக்குக் கரி வாங்கினேன். பழைய இரும்புச் சட்டியில் மணல் போட்டு, அதன்மேல் கரி அடுக்கி, மரப்பாலத்தில் வைத்து விசிறினேன். புகையெல்லாம் போய், கரி செக்கச்செவேலென்று கனிந்து, மேலே சாம்பல் பூத்தபிறகே உள்ளே கொண்டுபோனேன். புகைகிற கரியைப் பிள்ளை பக்கத்தில் வைக்கிறவன் மடையன் என்று மகளிடம் சொன்னேன். அவளுக்கும் பிள்ளைக்கும் வெந்நீர் வார்த்து, சாம்பிராணி தூவி, தலைமுடி காய வைத்தேன். படகு முழுக்கக் கோயில் வாசம்.

பிள்ளை அடித்துப்போட்ட மாதிரித் தூங்கினான்.

"அப்பா, பாலுக்குக்கூட எந்திரிக்க மாட்டேங்கான்."

"தூங்கட்டும்மா. தூங்கினாத்தான பிள்ள தேறும்?"

எனக்கு அதில் பெருமை. அப்பன் வந்து கவனித்ததால் பிள்ளை அமைதியாகத் தூங்குகிறான் என்று ஊருக்குக் கடிதம் போடச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன்.

பக்கத்துப் படகில் மேவிஸ் என்று ஒரு வெள்ளைக்காரி தனியாக இருந்தாள். என் வயசு இருக்கும். ஆம்பளைச் சட்டை, முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ், வாயில் எப்போதும் ஒரு திட்டு. தினம் காலையில் துடைப்பக் கட்டையை நீட்டி எங்கள் படகின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டுவாள். உள்ளே இருந்து நாமும் இரண்டு தட்ட வேண்டும். தட்டாவிட்டால் விடமாட்டாள். அந்த வரிசையில் எல்லாப் படகிலும் இந்த வழக்கம். குளிர்காலத்தில் உள்ளே கணப்புப் போட்டுத் தூங்குகிறவர்கள் எழுந்துவிட்டார்களா என்று பார்க்கிறதாம். இதென்ன கிறுக்குத்தனம் என்றிருந்தது எனக்கு. தூங்குகிற பிள்ளையை எழுப்பிவிடுவாளே!

"அந்தப் பொம்பளகிட்டச் சொல்லும்மா, தட்ட வேண்டாம்னு."

ஜெசிந்தா வெளியே போய் இங்கிலீஷில் பேசிவிட்டு வந்தாள்.

"பிள்ள முழிச்சா மறுபடியும் தூங்கும், நான் தட்டத்தான் செய்வேங்கா."

"வாய்க்கொழுப்பு," என்றேன்.

அடுத்த நாள் ஜெசிந்தாவுக்குத் தலைபாரம். குமட்டல். எனக்கும் நெற்றிப்பொட்டில் யாரோ சுத்தியலால் தட்டுகிறது போல இருந்தது. குளிர்தான் காரணம் என்று நினைத்தேன். சுக்கை இழைத்து இரண்டு பேர் நெற்றியிலும் பற்றுப் போட்டேன். சட்டியில் கரியைக் கூட்டி வைத்தேன். அதற்கடுத்த நாள் அவள் எழுந்து உட்காரவே சிரமப்பட்டாள், பாலும் சரியாகச் சுரக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு ஒரே முடிவு. இவளுக்குப் பால்சுறா வேண்டும்.

கரியைக் கனியவைத்து அவள் கால்மாட்டில் வைத்துவிட்டு, கதவை இறுகச் சாத்தி, சிட்னிக்கு ரயில் ஏறினேன்.

எனக்கு எழுத்துத் தெரியாது. வெள்ளைக்காரன் எழுத்து மட்டுமில்லை, நம் எழுத்தும்தான். ஆனாலும் கொச்சி, கொழும்பு, மாலத்தீவு என்று வழி கேட்டே வாழ்ந்தவன். துறைமுகத்தை ஒட்டி ஒரு மீன் கடை. கடைக்காரர் கிரேக்கர் என்று பிற்பாடு மகள் சொன்னாள், மீசை மட்டும் எங்கள் தோணித் தலைவர் தண்டலின் மீசை. இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பித் துடுப்பு மாதிரி வைத்துக்கொண்டு கடைக்குள் ஒரு சுற்று நடந்தேன். கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவர் மட்டும் புரிந்துகொண்டு, கை நீளத்தில் ஒரு சுறாவை எடுத்துப் போட்டார். "பேபி, மில்க்," என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். கடைக்காரர் என் தட்டை நெஞ்சை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார், மறுபடி ஒரு சிரிப்பு. என்ன சொல்லியிருப்பார் என்று மொழி தெரியாமலே எனக்குப் புரிந்தது. அந்த நாட்டில் சுறாவை மாவில் முக்கிப் பொரித்து, உருளைக்கிழங்கோடு காகிதத்தில் சுற்றி விற்கிறார்கள். முள் எடுத்து, மஞ்சள் போட்டு உதிர்த்து, பூண்டு தாளிக்கிற வேலை எதுவும் கிடையாது. பாவம்.

திரும்பும்போது ரயிலில் எனக்கு எதிரே இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வேறு பக்கம் போனார்கள். சுறாவுக்குப் பெட்டியில் மரியாதை அப்படி. ஜன்னல் கொஞ்சம் திறந்திருந்தது. இரண்டு நாளாகப் பிடித்திருந்த தலைவலி எங்கே போனதென்றே தெரியவில்லை. மீன் கிடைத்த சந்தோஷம் என்று எண்ணிக்கொண்டு நன்றாகத் தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது ரயில் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த ஸ்டேஷனில் இறங்கினேன். ரோடு இல்லை, கடை இல்லை, மலையும் தண்ணீரும்தான். எதிர்ப்பக்க ரயில் வரும்வரை சுறாவும் நானும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவ்வளவு நேரமும் என் கவலையெல்லாம் மீன் கெட்டுவிடுமோ என்பதுதான்.

மரப்பாலத்தில் காலை வைத்ததும் என் ரத்தம் கொதித்தது. மேவிஸ் வெறும் பலகையில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் மடியில் என் பேரன், ஊளையிடுகிற குளிர்காற்றில், வீறிட்டு அழுதுகொண்டு. பக்கத்தில் ஜெசிந்தா ஒரு கம்பளியில் சுருண்டு, வாந்தியெடுத்த வாயோடு, தூணில் சாய்ந்திருக்கிறாள். படகின் கதவுகள் விரியத் திறந்துகிடக்கின்றன.

மீனைப் போட்டுவிட்டு ஓடினேன். "ஏ பொம்பள! பச்சப்பிள்ளயக் கொல்லப் பாக்கியா?" என்று பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு கேபினுக்குள் போகப் பாய்ந்தேன். அவள் எனக்கு முன்னால் போய் வாசலில் இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டாள். நான் தமிழில் கத்துகிறேன், அவள் இங்கிலீஷில் கத்துகிறாள். தள்ளிப் பார்த்தேன். கப்பல் கட்டுகிற தூண் மாதிரி அசையவில்லை. அவள் கையில் என் சிவப்புச் சாரத்துத் துண்டுகள் இருந்தன. அதை என் முகத்துக்கு நேரே ஆட்டினாள்.

"அப்பா..." என்றாள் ஜெசிந்தா. குரல் கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி இருந்தது. "உள்ள போவாதீய அப்பா. பிள்ளயக் கொண்டுபோவாதீய. உள்ள போனா செத்துருவான்."

பிள்ளையோடு அப்படியே நின்றேன்.

நான் போனபிறகு நடந்தது இது. ஈரத்துணி காயப்போட ஜெசிந்தா வழக்கம்போல வெளியே வரவில்லை. மேவிஸ் தட்டியிருக்கிறாள். பதில் தட்டு இல்லை. மறுபடி தட்டியிருக்கிறாள். அப்போதுதான் பித்தளை ஓட்டைகளில் சிவப்புத் துணி தெரிந்திருக்கிறது. கதவை உதைத்துத் திறந்து, முதலில் பிள்ளையைத் தூக்கி வந்து, பிறகு ஜெசிந்தாவையும் கக்கத்தில் கைகொடுத்து வெளியே இழுத்துப் போட்டிருக்கிறாள். கரிச்சட்டி ஆற்றுக்குள் போய்விட்டது. வெளிக்காற்றுப் பட்டு ரொம்ப நேரம் கழித்துத்தான் பிள்ளை அழுதானாம். "அவன் அழுற சத்தத்தக் கேட்டுத்தாம்ப்பா எனக்கு உசுரு வந்துது," என்றாள் மகள். சிப்பிக் கொட்டகைக்காரர் ஆம்புலன்சுக்கு போன் செய்திருந்தார். அது வரும்வரை மேவிஸ் எங்களை உள்ளே விடவேயில்லை, கம்பளி எடுக்கக்கூட அவள்தான் மூச்சை அடக்கிக்கொண்டு போய்வந்தாள்.

ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கும் பிள்ளைக்கும் மூக்கில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். டாக்டர் இளவயசுக்காரர். அவர் கேட்டதையும் சொன்னதையும் கொஞ்சம் தெளிந்தபிறகு ஜெசிந்தா எனக்குத் தமிழில் சொன்னாள்.

"படகுல இருந்த எல்லாருக்கும் ஒரே நேரத்துல தலைவலியான்னு கேக்காரு."

"ஆமா."

"வெளிய போனா தலைவலி விட்டுருச்சான்னு கேக்காரு."

ரயில் ஜன்னல் எனக்கு நினைவு வந்தது. தலையை ஆட்டினேன்.

கரி எரியும்போது ஒரு விஷவாயு வருமாம். அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணைக் கரிக்காது. கரி புகையாமல் கனிந்து கிடக்கும்போதும் அது வந்துகொண்டேதான் இருக்குமாம். அடைத்த இடத்தில் அது சேரச் சேர, ரத்தத்தில் நல்ல காற்றுக்கு இடமில்லாமல் போய்விடுமாம். தலைவலி, குமட்டல், அசதி, அப்புறம் தூக்கம். பிள்ளை தூங்கியது நான் கவனித்த கவனிப்பில் இல்லை.

நான் விடவில்லை. "எங்க ஊர்ல தலைமுறை தலைமுறையா பேறுகாலத்துக்குக் கரிச்சட்டி வைக்கோமே, எல்லாரும் செத்தா போனோம்? இத அவருகிட்டக் கேளும்மா."

டாக்டர் திருப்பி ஒரு கேள்வி கேட்டார். "உங்க வீட்டுக் கூரை எதுலன்னு கேக்காரு அப்பா."

ஓட்டுக்கூரை. ஓடுகளுக்கு நடுவே விடிகிற வெளிச்சம் தெரியும். சுவருக்கும் கூரைக்கும் நடுவில் அணில் போய்வரும். ஜன்னலைச் சாத்தினோம், கதவிடுக்கை அடைத்தோம், அந்த வீடு மேலே மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அப்படியும் எத்தனை பேரை அசதி, ஜன்னி, பேய்க்காற்றுச் சேட்டை என்று சொல்லி இடுகாடு சேர்த்தோமோ, யார் கண்டது? தோணியில் என் அடுப்பு மேல்தட்டில், தலைக்கு மேலே வானம். அதனால்தான் அத்தனை வருஷம் நெருப்போடு இருந்தும் எனக்கு இது தெரியவில்லை. மாப்பிள்ளையின் கலப்பத்தை நினைத்துக்கொண்டேன். ஒரு சொட்டுத் தண்ணீர் நுழையாத படகில் காற்று மட்டும் எப்படி நுழையும்? அதற்குத்தான் அந்த மூன்று ஓட்டை. அதைத்தான் நான் சாரத்தைக் கிழித்து அடைத்தேன்.

இரண்டு நாளில் அம்மாவும் பிள்ளையும் படகுக்கு வந்தார்கள். பிள்ளை பாலுக்கு அழுதான். ராத்திரியெல்லாம் அழுதான். அந்த அழுகை போல ஒரு பாட்டு நான் கேட்டதில்லை.

மாப்பிள்ளை மெல்போர்னிலிருந்து ஓடி வந்தார். ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் பிள்ளையை வாங்கி ரொம்ப நேரம் நெஞ்சில் வைத்திருந்தார். அப்புறம் பெட்டியிலிருந்து கம்பிவலை எடுத்து, வெட்டி, மூன்று ஓட்டைக்கும் திருகாணி வைத்து முறுக்கினார்.

"இனி நீங்க நெனச்சாலும் துணி திணிக்க முடியாது மாமா."

"இன்னும் ரெண்டு ஓட்டை போடுங்க மாப்ளே," என்றேன். அப்போதுதான் சிரித்தார். நிஜமாகவே கதவுக்குக் கீழே இன்னொன்றும் போட்டார்.

சாம்பிராணியை நான் விடவில்லை. ஏன் விட வேண்டும்? ஒரு மரப்பெட்டியில் மணல் நிரப்பி, மரப்பாலத்தில், நல்ல வெயிலில், காற்றுப் போகிற பக்கம் பார்த்து என் தோணி அடுப்பை வைத்தேன். தலைக்குக் குளித்துவிட்டு ஜெசிந்தா அங்கேயே உட்கார்ந்து முடி உலர்த்தினாள். குளிருக்குக் கம்பளி ஒன்றுக்கு இரண்டாகப் போட்டேன். வாசம் வரிசைப் படகுகளுக்கெல்லாம் போனது. மேவிஸ் வந்து மோந்துவிட்டு, "சர்ச் மாதிரி இருக்கு, ஆனா இங்க உக்காரலாம், யாரும் பிரசங்கம் பண்ண மாட்டாங்க," என்றாளாம். இன்னொரு சுறா வாங்கிவந்து புட்டு செய்தேன். அவள் இரண்டாம் தட்டும் கேட்டு வாங்கித் தின்றாள். "இந்த வயசுல இவளுக்குப் பால் சுரந்தா நா பொறுப்பில்ல," என்றேன். ஜெசிந்தா அதை இங்கிலீஷில் சொல்ல மாட்டேன் என்றுவிட்டாள். மேவிஸ் விடாமல் கேட்டு, தெரிந்துகொண்டு, துடைப்பக் கட்டையை ஓங்கினாள்.

தினமும் சாயங்காலம் நான்கு ஓட்டையிலும் புறங்கையை வைத்துப் பார்ப்பேன். ஊசிக் குளிர் கையில் பட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும். காலையில் மேவிஸ் தட்டுமுன் நானே அவள் படகில் தட்ட ஆரம்பித்தேன்.

ஊருக்குக் கிளம்புகிற அன்றைக்கும் போய்த் தட்டினேன். ஆற்றின்மேல் மூடுபனி. மாப்பிள்ளை பெட்டியோடு நிற்கிறார். உள்ளே இருந்து பதில் இல்லை. மறுபடி தட்டினேன். இல்லை. அவள் கணப்புக் குழாயில் சூடு இருந்தது.  பெட்டியாவது ஏரோப்ளேனாவது? கதவை உதைக்கக் காலைத் தூக்கிவிட்டேன்.

உள்ளேயிருந்து ஒரு கூச்சல்.

ஜெசிந்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கக்கூஸ்ல இருக்காளாம் அப்பா. ஒரு மனுசிய நிம்மதியா இருக்கவும் விடமாட்டானா இந்தக் கெழவன்னு ஏசுதா."

"அதெல்லாம் முடியாது. பதிலுக்குத் தட்டச் சொல்லு."

ஜெசிந்தா கத்திச் சொன்னாள். அப்புறம் மரச்சுவரில், எரிச்சலோடு, இரண்டு தட்டு கேட்டது.

அதைக் கேட்டபிறகுதான் நான் பெட்டியைக் கையில் எடுத்தேன்.